தடுப்பா, சான்றா? இணைய ஒளிப்படங்களில் வாட்டர்மார்க்

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸைப் பெரும் நிலநடுக்கம் சிதைத்தது. அந்நாட்டு ஒளிப்படக் கலைஞர் டேனியல் மொரெல், தாம் எடுத்த படங்களை அன்றே ட்விட்பிக் படப்பகிர்வுத் தளத்தில் ஏற்றினார். படங்களின் மேல் பதிப்புரிமைக் குறிப்பு எதுவும் இல்லை; அவை இடம்பெற்ற பக்கத்தில்தான் அவர் பெயர் இருந்தது. வேறொருவர் அவற்றை எடுத்துத் தம் கணக்கில் இட்டுத் தம்முடையவை என்றார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்த இரண்டாமவர் பெயரிலேயே படங்களைப் பெற்று, ஒளிப்பட நிறுவனமான கெட்டி இமேஜஸ் வழியாகவும் உலகெங்கும் அனுப்பியது. 2013 நவம்பரில் நியூயார்க்கில் நடுவர் குழு, எட்டுப் படங்களின் பதிப்புரிமையை மீறியதற்காக மொரெலுக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் அதற்கு அவர் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது.

இணையத்தில் பகிரும் படங்களில் வாட்டர்மார்க் இடலாமா என்ற விவாதம் பெரும்பாலும் ‘அது திருட்டைத் தடுக்குமா’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. தடுக்காது என்றதும் விவாதம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. மொரெலின் வழக்கு வேறொரு கேள்வியை முன்வைக்கிறது: படம் தன் பக்கத்தை விட்டுப் பிரியும்போது எடுத்தவர் பெயரும் உடன் செல்கிறதா? வாட்டர்மார்க்கைத் தடுப்பாகக் கருதினால் அது தோற்றுவிட்டது. சான்றாகக் கருதினால் இன்றும் அவசியமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தடுப்பு என்ற நிலையில்

தடுப்பு நோக்கில் இடப்படும் குறி பெரிதாக, படத்தின் நடுவே, எல்லாப் படங்களிலும் ஒரே அச்சாக இருக்கும். அதன் பலவீனமும் அந்த ஒருமையில்தான். கூகுள் ஆய்வாளர் தாலி டெக்கெலும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரே குறி தாங்கிய படங்கள் ஏராளமாகக் கிடைத்தால், அவற்றை ஒப்பிட்டுக் குறியின் வடிவத்தைக் கணினியே கண்டறிந்து, எல்லாப் படங்களிலிருந்தும் நீக்கிவிட முடியும். படத்துக்குப் படம் குறியின் வடிவைச் சிறிது நெளித்தால் நீக்கிய இடத்தில் தடயம் எஞ்சும் என்பதையும் அவர்கள் காட்டினர். ஆனால் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குத் தனிப்படம் ஒன்றே போதும். குறியை அழித்து, அவ்விடத்தைச் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிரப்பிவிடுகின்றன.

வணிக நிறுவனங்களும் இதை உணராமல் இல்லை. கெட்டி இமேஜஸ் 2014 மார்ச்சில், வணிகம் சாராப் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 3.5 கோடி படங்களை வாட்டர்மார்க் இன்றி இணையப் பக்கங்களில் பதித்துக்கொள்ள அனுமதித்தது. முக்கிய நிபந்தனை, படத்தோடு எடுத்தவர் பெயரும் மூலத்துக்கான இணைப்பும் இருக்க வேண்டும் என்பது. படம் பரவுவதைத் தடுக்கும் முயற்சியைக் கைவிட்ட இடத்திலும் பெயரை அந்நிறுவனம் கைவிடவில்லை.

சான்று என்ற நிலையில்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 பெயருக்குத் தரும் மதிப்பைக் கவனிக்க வேண்டும். ஒளிப்படம் இச்சட்டத்தில் கலைப்படைப்பு. பிரிவு 55(2)இன்படி, வெளியான படிகளில் ஆசிரியராக எவர் பெயர் காணப்படுகிறதோ அவரையே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, மீறல் வழக்கில் நீதிமன்றம் ஆசிரியராகக் கொள்ளும். இந்த அனுமானம் இருபுறமும் கூரானது. பெயரில்லாப் படத்தின்மேல் முதலில் தம் பெயரைப் பொறிப்பவர் அதன் பயனைக் கேட்க முடியும். மெய்ப்பிக்கும் சுமை உண்மையில் எடுத்தவர் தலையில் விழும். பிறர் படங்களின்மேல் தங்கள் முத்திரையைக் குத்திப் பரப்பும் மீம் பக்கங்கள் பெருகிவிட்ட காலத்தில் இது வெறும் கற்பனை ஆபத்து அன்று.

2012 திருத்தம் பிரிவு 65Bஐச் சேர்த்தது. படைப்பாளியின் பெயர் முதலிய உரிமை மேலாண்மைத் தகவலை, அதிகாரமின்றி, அறிந்தே நீக்குவதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இதில் ‘அறிந்தே’ என்ற நிபந்தனைதான் வாட்டர்மார்க்கின் பயனைத் தீர்மானிக்கிறது. குறியற்ற படத்தை எடுத்துப் பயன்படுத்தியவர் ‘யாருடையது என்று தெரியாது’ எனத் தப்பிக்கப் பார்க்கலாம். பெயரை வெட்டியோ அழித்தோ பயன்படுத்தியவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே குறி எளிதில் நீங்கும் என்பது அதற்கு எதிரான வாதமாகாது. நீக்கும் செயலே சான்றாகிறது.

அமெரிக்காவின், பிரிட்டனின் அனுபவமும் இதை உறுதிசெய்கிறது. பத்திரிகைப் பக்க மடிப்பருகே அச்சிட்ட ஒளிப்படக் கலைஞரின் பெயரை வெட்டிவிட்டுப் படத்தை இணையத்தில் இட்ட வழக்கில் (மர்ஃபி எதிர் மில்லேனியம் ரேடியோ, 2011), அச்சுப்பெயரும் சட்டம் காக்கும் தகவலே என அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. படங்களை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஸ்டெபிலிட்டி ஏஐக்கு எதிராகக் கெட்டி தொடுத்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தபோது, கெட்டியின் பதிப்புரிமைக் கோரிக்கை நிலைக்கவில்லை. குறுகிய அளவிலேனும் வென்றது வணிகக்குறிக் கோரிக்கையே. இயந்திரம் உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க் தோன்றியதே அதற்கு ஆதாரம்.

எதிர்வாதங்கள்

குறி படத்தின் அழகைக் கெடுக்கிறது என்பது முதல் எதிர்வாதம். நடுவே பரந்த குறிக்கு இது முற்றிலும் பொருந்தும். பார்ப்பவர் கண்ணை மறித்தும் திருடுபவர் கையைத் தடுக்காத ஒன்றை வைத்திருக்க நியாயமில்லை. ஆனால் சான்றுக்கு வேண்டியது படிக்கக்கூடிய ஒரு பெயர் மட்டுமே. ஓரத்தில் அடக்கமாக இட்டாலே போதும்.

பெயரைக் கோப்பின் மெட்டாடேட்டாவில் (கோப்புக்குள்ளேயே பதியும் விவரக்குறிப்பில்) எழுதினால் போதாதா என்பது இரண்டாவது. எழுதத்தான் வேண்டும், ஆனால் பல சமூக ஊடகங்கள் படத்தை ஏற்கும்போதே அதைக் களைந்துவிடுகின்றன. 2023இல் வந்த லைகா எம்11-பி கேமரா, படம் பிடிக்கும் கணத்திலேயே மூலச் சான்றைக் கோப்பில் பொறிக்கிறது. இத்தகைய ஏற்பாடும் தளங்கள் அதைக் காத்துக் காட்டினால்தான் பயன்படும். அதுவரை கண்ணுக்குத் தெரியும் பெயருக்கு மாற்றில்லை.

மூன்றாவது எதிர்வாதமே கனமானது: பொறிக்கும் பெயர் யாருடையது? பிரிவு 17(b)இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே. கல்யாண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களை ஸ்டுடியோ தன் முத்திரையுடன் விளம்பரத்துக்கு இடும்போது, அம்முத்திரை உரிமைச் சீட்டு ஆகிவிடாது. மறுபுறம், படம் எடுத்தவரே சட்டப்படி ஆசிரியர். ‘இது நான் எடுத்தது’ என்று கோரும் அவரது உரிமையைப் பிரிவு 57 காக்கிறது. பதிப்புரிமை கைமாறினாலும் அது போகாது. ஆகவே வாட்டர்மார்க்கில் இருக்க வேண்டியது எடுத்தவரின் பெயர். ஸ்டுடியோ தன் பெயரைச் சேர்க்கட்டும். கேமரா பிடித்தவரின் பெயரை அது விழுங்கக் கூடாது. யார் எங்கே பகிரலாம் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

முடிவு

ஒளிப்படக் கலைஞர்கள் வாட்டர்மார்க் இட வேண்டும். ஆனால் படத்தைப் பூட்டிவைக்க அன்று, பெயரை உடன் அனுப்ப. நடுவே பரந்த இலச்சினையைக் கைவிட்டு, முழுப்பெயரையும் ஆண்டையும் தெளிவாக ஓரத்தில் இடலாம். அதே விவரத்தை மெட்டாடேட்டாவிலும் எழுதி, மூலக்கோப்பைக் குறியின்றிப் பாதுகாத்துவைக்க வேண்டும். பிரிவு 55(2)இன் அனுமானத்தை எதிராளி மறுக்க முன்வந்தால், நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது அந்த மூலக்கோப்பாகத்தான் இருக்கும்.