ஸ்கானர் காட்டும் எண்ணும் காரின் உண்மையான பழுதும்

காரின் முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால், இன்று கராஜில் முதலில் கையில் எடுக்கப்படுவது ஸ்கானர். அது ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணோடு தொடர்புடைய உதிரிப்பாகம் வாங்கி மாற்றப்படும். சில நாட்களில் விளக்கு மீண்டும் எரியும். வாடகைக்கு ஓடும் ஒரே காரை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பு அல்ல.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் பலர் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியுள்ளது. ஸ்கானர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை வாகன உரிமையாளரும் அறிந்திருப்பது அவசியம்.

எண் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவு, வெப்பநிலை, கழிவுப் புகையில் மிஞ்சிய ஒட்சிசன் போன்றவற்றைச் சென்சர்கள் அளந்து காரின் கணினிக்கு அனுப்புகின்றன. அளவுகள் எல்லை மீறினால் கணினி ஓர் எண்ணைப் பதிந்து விளக்கை எரியவிடும். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி முறையை வைத்திருந்தது. புகை மாசைக் கட்டுப்படுத்த, அமெரிக்கா 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற பொது முறையைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் இத்தகைய முறை வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசிகள் கொண்ட சொக்கெற் இதற்கானது. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட சில பழைய கார்களில் மலிவான பொது ஸ்கானர்கள் வேலை செய்வதில்லை.

எண் ஒன்று, காரணம் பல

பி0171 என்ற எண், எரிபொருள் கலவையில் பெற்றோல் குறைவு என்பதைக் குறிக்கும். இதைக் கண்டதும் ஒட்சிசன் சென்சரை மாற்றுவோர் உண்டு. ஆனால் வெடித்த இறப்பர் குழாய் வழியே காற்று புகுந்தாலும், காற்றளவு சென்சரில் தூசு படிந்தாலும், பெற்றோல் பம்ப் பலவீனமானாலும் இதே எண்தான் வரும். அந்த ஒட்சிசன் சென்சர் பழுதில்லாமல், உள்ளதைச் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும்.

பி0301 என்றால் முதலாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயில் உள்ள காரில் இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முதலாவது கொயிலையும் இரண்டாவது கொயிலையும் இடம் மாற்றி ஓடவிட வேண்டும். எண் பி0302 ஆக மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்று தேட வேண்டும்.

ஹைபிரிட் கார்களில் அதிகம் அச்சமூட்டும் எண் பி0ஏ80. உயர் அழுத்தப் பற்றறியை மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பற்றறியில் 28 மொடியூல்கள் உள்ளன. ஒன்றிரண்டு பலவீனமானாலும், அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளில் களிம்பு பிடித்தாலும் இந்த எண் வரலாம். குளிரூட்டும் விசிறி தூசால் அடைபட்டால் பற்றறி சூடேறிக் கெடும். எனவே முழுப் பற்றறிக்கும் பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மொடியூலையும் அளந்து பார்க்கக் கேட்கலாம். அதேவேளை, பழைய பற்றறியில் ஒரு மொடியூலை மட்டும் மாற்றினால் ஏனையவையும் விரைவில் பழுதாகலாம் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட அந்த மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. செம்மஞ்சள் நிற வயர்களைப் பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது.

ஸ்கானருக்கு முந்திய அறிவு

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோலுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதாக இருந்ததால், ஒன்றை மாற்ற முன் அது உண்மையில் பழுதா என்று உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெளிறியிருந்தால் எரிபொருள் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். இன்று ஒட்சிசன் சென்சர் சொல்லும் செய்தியும் இதுவே.

அந்த மெக்கானிக்மாரில் பலரைப் போரிலும் புலம்பெயர்விலும் இழந்துவிட்டோம். கணினி தேர்ந்த இளைஞரும் எஞ்சியிருக்கும் மூத்தவரும் ஒரே கராஜில் சேர்ந்து வேலை செய்தால் வாடிக்கையாளருக்கே நன்மை.

கராஜில் கேட்க வேண்டியவை

எண்களை அழிக்க முன் அவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். பழுது பதிவான வேளையில் இருந்த எஞ்சின் வேகம், வெப்பநிலை முதலியனவும் கணினியில் இருக்கும். எண்ணை அழித்தால் அவையும் அழிந்துவிடும்.

12 வோல்ற் பற்றறியை முதலில் அளக்கச் சொல்லுங்கள். அது பலவீனமாக இருந்தால் தொடர்பில்லாத பல எண்கள் தோன்றும்.

"இந்தப் பாகம் பழுது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேளுங்கள். ஸ்கானர் சொன்னது என்பது மட்டும் பதிலானால், பணம் கொடுக்க முன் இன்னொரு கராஜில் காட்டுவது நல்லது.

மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். மாற்றியது தவறு என்று தெரியவந்தால், அதையே மீண்டும் பொருத்த முடியும்.