அசையும் அழுத்தமும்

வெள்ளவத்தை என்னும் ஊர்ப்பெயரை யாப்பிலக்கண முறைப்படி அலகிட்டால் வெள் - ளவத் - தை எனப் பிரிந்து, நேர் நிரை நேராகிக் கூவிளங்காய் வாய்பாடு பெறும். குறில், நெடில், ஒற்று என்பனவே இங்குக் கணக்கிடப்படுகின்றன. குரலின் வன்மை மென்மைக்கு இடமில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் முதலாக அசைக்கு அடிப்படையாக நிற்பது எழுத்தின் மாத்திரை அளவேயாகும்.

ஆங்கிலத்தின் நெறி வேறு. ஈழத்தமிழர் 'யுனிவர்சிற்றி' என எழுதும் சொல் தமிழ்முறையில் யுனி - வர் - சிற் - றி என நான்கு அசை பெறும். ஆங்கிலேயரோ அதனை ஐந்து அசைகளாகப் பகுத்து, மூன்றாவதாகிய 'வர்' என்பதை அழுத்தி உச்சரிப்பர். அதன் இருமருங்கும் உள்ள உயிர்கள் நலிந்தொலிக்கும். அழுத்தம் ஓரிடத்தில் நிலைப்பதுமில்லை. 'போட்டோகிராப்' என்பதில் முதலசையில் நிற்பது, 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாமசைக்குப் பெயர்ந்துவிடும். உயிர்களை நிறைவாக ஒலித்துப் பழகிய தமிழ் நாவுக்கு இது அரிதாதல் இயல்பே.

இவ்வருமை அயலார்க்கு மட்டும் உரியதன்று. 1791இல் ஜோன் வாக்கர் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி, ஸ்கொத்லாந்தார், அயர்லாந்தார், லண்டன் நகரத்தார் ஆகியோரின் உச்சரிப்பைத் திருத்தவும் விதிகள் வகுத்தது. அரசின் தலைநகரத்தாரே 'பிழையாக' ஒலித்தனர் எனின், 'சரி' என்பது ஒரு குழுவினரின் வழக்கேயன்றி மொழியின் இயற்கையன்று என்பது தெளிவாகும்.

ஈழத்தில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவரே, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். ஆங்கிலக் கல்வியும் தமிழ் யாப்பறிவும் ஒருவரிடத்தே முரணின்றி வாழ்ந்தமைக்கு அவர் சான்றாவார்.

எனினும், உச்சரிப்பு அறிவின் அளவுகோலாகவும், சிலபோது உயிரின் அளவுகோலாகவும் ஆக்கப்பட்டதுண்டு. சொன்முதலில் அதிர்வொலியுடைய பகரம் தமிழுக்கு இயல்பன்று. 1983 ஆடி இனவன்செயலின்போது, அவ்வொலியில் தொடங்கும் 'பால்திய' என்ற, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை ஒலிக்கச் செய்து தமிழரை இனங்கண்டமை பலரது நினைவுக்குறிப்புகளிற் பதிவாகியுள்ளது. வெள்ளவத்தையும் அன்றைய அழிவுக்குத் தப்பவில்லை.

கேட்போர் பொருளுணரும் பொருட்டு ஆங்கில அழுத்தம் முறையாகக் கற்பிக்கப்பட வேண்டியதே. ஆயின், வேற்றொலிப்பு என்பது அறியாமையன்று. பேசுவோரின் தாய்மொழி இலக்கணம் நாவில் விட்ட தடம். அதனை நகையாடும் வகுப்பறை, மொழியைக் கற்பிப்பதற்கு மாறாக மாணவரின் வாயை அடைத்துவிடுகிறது.