அறிவு வளர்க்க வந்த அமிலம்

சமையற்கட்டில் அஜினோமோட்டோ என்று வழங்கும் சுவையுப்பின் தாய்ப்பொருள் குளுட்டாமிக் அமிலம். 1866-இல் ஜெர்மானியரான ரிட்ஹவுசன் கோதுமைப் புரதத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். 1908-இல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேடா கடற்பாசிச் சாற்றின் சுவைக்கு அதுவே காரணமெனக் கண்டார். இவ்வமிலம் ஒருகாலத்தில் அறிவு வளர்க்கும் மருந்தென்று பெயர் பெற்றிருந்தது என்பதைப் பலர் அறியார்.

1944-இல் நியூயார்க்கில் ஸிம்மர்மன், ராஸ் என்னும் இருவர், இதனை உண்ட வெள்ளெலிகள் புதிர்வழியை விரைவில் கற்றன என்று எழுதினர். பின்னர் மனவளர்ச்சி குன்றிய சிறார்க்கும் இது கொடுக்கப்பட்டது. அவர்தம் நுண்ணறிவு ஈவு உயர்ந்ததாக 1946-இல் அறிக்கை வந்தது. பிள்ளைக்கு என்ன கொடுத்தால் படிப்பு ஏறும் என்று ஏங்கும் பெற்றோர்க்கு இதனினும் இனிய செய்தி வேறென்ன?

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. உயர்வு மருந்தினால் வந்ததா? ஒரே தேர்வை இருமுறை எழுதும் மாணவன் இரண்டாம் முறை கூடுதலாகப் பெறுவது ஆசிரியர் அறியாததன்று. புறக்கணிக்கப்பட்டிருந்த பிள்ளையைப் பலர் கூடிக் கவனித்தால் அதுவும் சிறிது மலரும். இவற்றை விலக்க ஒரே வழி, உருவிலும் நிறத்திலும் ஒத்த, மருந்தில்லாத மாத்திரையை மற்றொரு குழுவினர்க்குக் கொடுத்து ஒப்பிடுவதாகும். இதனையே மருந்துப்போலி என்பர். வழி புதிதன்று. 1799-இலேயே இங்கிலாந்தின் பாத் நகரில் ஹேகார்த் என்னும் மருத்துவர், நோய் தீர்ப்பதாக விற்கப்பட்ட உலோகக் கோல்களுக்கு ஈடாக, வண்ணம் பூசிய மரக்கோல்களை ஐந்து நோயாளர்மீது தடவினார். நால்வர் வலி குறைந்ததென்றனர்!

1960-இல் ஆஸ்டின் முதலியோர் குளுட்டாமிக் அமில ஆய்வுகள் அனைத்தையும் திரட்டிப் பார்த்தனர். நற்பயன் கூறியவற்றுட் பெரும்பாலானவற்றில் ஒப்புக்குழு இல்லை. ஒப்புக்குழு வைத்தவற்றுட் பெரும்பாலானவற்றில் பயன் இல்லை. உண்ட அமிலம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் மிகக் குறைவாகவே புகுகிறது என்பதும் இன்று தெளிவு.

பெயர் மாறினும் ஆசை மாறவில்லை. பின்னாளில் வந்தது கிங்கோ இலைச்சாறு. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை இரு பிரிவாக்கி, இடைநிலைக் கணக்கில் ஆறாண்டு பின்தொடர்ந்தனர். முடிவு 2008-இல் வெளிவந்தது. சாறு உண்ட 1,545 பேரில் 277 பேருக்கு மறதிநோய் கண்டது. மருந்துப்போலி உண்ட 1,524 பேரில் 246 பேருக்கு.