நிலவை வென்ற விளக்கு

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், இத்தாலிய ஓவியர் ஜாக்கமோ பாலாவின் ‘தெருவிளக்கு’ ஓவியத்தை மின்யுகத்துக்குப் பாடிய வாழ்த்துப்பா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ரோம் நகரின் தெர்மினி சதுக்கத்தில் எரிந்த மின்விளக்குதான் அதற்கு மாதிரி. ஏறத்தாழ 175 செ.மீ. உயரம். நடுவில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அதிலிருந்து கூர்முனைத் தீற்றல்கள் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக வெளியே பாய்கின்றன. வலது மேற்புறம், அந்த ஒளிவட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட பிறை. நிலவு தோற்றுவிட்டது, சரி. நகரம் எங்கே? கட்டடம் இல்லை, பாதை இல்லை, நடக்க ஒருவரும் இல்லை. ஊருக்கு வெளிச்சம் தர வந்த விளக்கு ஊரையே விழுங்கிவிட்டது. ஓவியத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

பாலாவின் முந்தைய ஓவியம் ஒன்றே இதற்குச் சாட்சி. 1904 வாக்கில் தீட்டிய ‘தொழிலாளியின் நாள்’ மூன்று பகுதிகள் கொண்டது: கட்டி முடியாத வீடு, சாரம், கட்டட வேலையாட்கள். மாலைப் பகுதியில் தெருவிளக்கு எரிய, அவர்கள் வீடு திரும்புகிறார்கள். அங்கே விளக்கு மனிதருக்காக எரிகிறது. சில ஆண்டுகளில் அதே கை மனிதரை நீக்கிவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டது. இதில் கருவிக்கும் பங்குண்டு. அவர் வரைந்தது வில்விளக்கு; அதில் இரண்டு கரிக்கோல்களுக்கிடையே எரியும் மின்வில்லே ஒளி. எரிவாயு விளக்குக்குப் பழகிய கண்ணால் அதை நேராகப் பார்க்க முடியாது, பார்த்தால் சுற்றியுள்ளது எதுவும் தெரியாது. எரிய எரியக் கரிக்கோல் தேயும், ஆள் வந்து மாற்ற வேண்டும். அந்த ஆளும் படத்தில் இல்லை. (வென்ற விளக்கும் நெடுநாள் ஆளவில்லை, டங்ஸ்டன் இழை பல்புகள் அதைத் தெருவிலிருந்து இறக்கிவிட்டன.)

1909இல் எதிர்காலவாத இயக்கத்தின் தலைவரான கவிஞர் மாரினெட்டி நிலவொளியைக் கொல்லச் சொல்லி அறிக்கை விட்டார், ஓவியத்திலும் 1909 என்றே இருக்கிறது, அந்த முழக்கத்துக்குப் பாலா படம் போட்டார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அந்த ஆண்டையே ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. ஓரிரு ஆண்டு பிந்தியது என்கிறார்கள். பிந்தியதென்றால் முழக்கத்தின் செல்வாக்கு கூடத்தானே செய்யும்? செய்யும். போதாததற்கு, நவீன மின்னொளி நிலவொளியை மிஞ்சியதைக் காட்டவே வரைந்ததாக 1954இல் பாலாவே எழுதினார். ஆனால் அதைக் காட்டப் பிறை ஒன்று போதும். ஒரு சதுக்கத்தையே துடைத்தெறிய வேண்டியதில்லை. எந்த அறிக்கையும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அவரது கூசிய கண் தானாகச் செய்த வேலை அது.