பால்மர விதையின் இரு பயணங்கள்

பால்மரம் எந்த நாட்டு மரம் என்று வகுப்பில் கேட்டால், "நம் நாட்டு மரம்" என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள். பாட்டனும் பாட்டியும் இருள் பிரியுமுன் எழுந்து வெட்டிய மரமல்லவா! ஆனால், அதன் பிறப்பிடம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அது இங்கு வந்த கதையையும், அதிலிருந்து எழுந்த ஒரு நியாயத்தையும் இன்று பார்ப்போம்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டிக் கப்பலேற்றினார். காட்டை அறிந்த அவ்வட்டாரப் பழங்குடி மக்களே அவற்றைப் பொறுக்கிக் கொடுத்தனர். லண்டன் கியூ பூங்காவில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன.

1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் கெடாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். 1913 வாக்கில் தோட்டத்து ரப்பர், அமேசான் காட்டு ரப்பரை மிஞ்சியது. பிரேசிலின் ரப்பர் வாணிபம் சரிந்தது. விக்கமுக்கு 700 பவுனும், 1920இல் 'சர்' பட்டமும் கிடைத்தன. விதை பொறுக்கிய மக்களுக்கு, அந்த மரம் பிற்காலத்தில் ஈட்டிய செல்வத்தில் பங்கேதும் இல்லை.

இது களவுதானே என்று நீங்கள் கேட்கலாம். விதையை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் அன்று பிரேசிலில் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். சட்டம் இல்லாததே குறை. செடிகொடிகள் உலகத்தாருக்குப் பொது, எடுத்தவன் பிழைத்துக்கொள்ளலாம் என்பதே அக்கால வழக்கம்.

இனி இரண்டாம் பயணம். நம் மரங்கள் பெரும்பாலும் அந்தச் சில கன்றுகளின் வழிவந்தவை. தென்னமெரிக்காவில் தோட்டங்களையே அழித்த இலைக்கருகல் நோய் இங்கு வந்தால் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. புதிய வித்துகள் தேவைப்பட்டன. 1981இல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி வாரியமும் பிரேசில் அரசும் உடன்பட்டு, மூன்று மாநிலக் காடுகளில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைச் சேகரித்தன. அவற்றில் பாதி பிரேசிலிலேயே தங்கியது. மீதி மலேசியாவுக்கும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்கும் பிரித்துத் தரப்பட்டது. அதே காடு, அதே மரம். இம்முறை கேட்டுப் பெற்றார்கள், பங்கிட்டுக் கொண்டார்கள்.

இந்த முறையே பின்னர் உலகின் விதியாயிற்று. 1992இல், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், பல்லுயிர் வள ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. ஒரு நாட்டின் உயிர்வளம் அந்நாட்டின் உரிமை. முன்கூட்டி இசைவு பெற்றே எடுக்கவேண்டும். வரும் பயனை நியாயமாகப் பகிரவேண்டும் என்பன அதன் கொள்கைகள். 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் உருவான உடன்படிக்கை, பகிர்வுக்கான நடைமுறைகளை வகுத்தது. 2014இல் நடப்புக்கு வந்தது. மலேசியாவும் 2017இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பழங்குடி மக்களின் மூலிகை அறிவைப் பயன்படுத்துவோரும் அம்மக்களின் இசைவைப் பெறவேண்டும்.

இவ்வொப்பந்தங்கள் 1876க்குப் பின்னோக்கிச் சென்று கணக்குத் தீர்ப்பதில்லை. பால் வெட்டியவரின் கூலியைப் பற்றியும் அவை பேசுவதில்லை; அது தொழிற்சங்கம் வாதாட வேண்டிய வழக்கு. ஆயினும், ஒரு பொருளின் மதிப்பில் அதைக் காத்தவருக்கும் பங்குண்டு என்பதை உலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அடுத்தமுறை பிள்ளைகளுடன் பால்மரத்தைக் கடக்கும்போது, அதன் ஊரையும் அந்த விதையைப் பொறுக்கிய கைகளையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.