ஜவ்வாது மலை ஏறிய காஞ்சி உழவர்கள்

போளூருக்கு மேற்கே, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலை ஊர்களில் பயிர்செய்து வாழும் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளரின் வழியினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. மலையாளி என்பது இங்கே மலையில் வாழ்பவர் என்றே பொருள்படும். கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். கவுண்டர் என்பது பட்டம். பழங்குடிப் பட்டியலில் உள்ள இவர்கள், 2011 கணக்கெடுப்பின்படி தமிழகம் முழுவதும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகம். சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன் மலைகளிலும் இருக்கிறார்கள்.

மேற்கு நோக்கிய அந்தப் பயணத்தின் கதையை வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டூவர்ட் பதிவு செய்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி தர்ஸ்டன் எழுதி 1909இல் வெளிவந்த நூலிலும் அது இடம்பெற்றது. சக ஆண்டு 1055இல் கங்குந்தி என்ற ஊரின் வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். கேலிசெய்து மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களைக் கூட்டிச் சென்றார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் செத்ததாக எண்ணிக் கருமாதி செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தத்தளித்துக் கரையேறினார்கள்; நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. (பாலாற்றை மணலாகவே பார்த்துப் பழகியவர்கள் 2021 நவம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளலாம்.) வேடர்களைக் கொன்றுவிட்டு வீடு திரும்பியபோது மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள், சடங்கெல்லாம் முடிந்திருந்தது. உயிரோடு இருந்தும் இறந்தவர்கள் ஆனதால் சாதியிலும் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, காடு திருத்திப் பயிர்வைத்தார்கள்.

ஆண்டுக் கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை; கதையும் மலைக்கு மலை மாறுகிறது. சேலம் பக்கத்து மலையாளிகளிடம் இதே குடியேற்றம் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று அண்ணன்தம்பிகளின் கதையாக வழங்குகிறது. காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை. ஜவ்வாது மலைக் கதை தன்னை அறியாமல் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: மேற்கே இருந்தது ஆளில்லாத காடு அல்ல. இம்மலையில் பெருங்கற்காலக் கல்வீடுகள் உள்ளன. புதிய கற்காலக் கற்கோடரிகளை மக்கள் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். பக்கத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய சங்க நூலான மலைபடுகடாம் மலைச்சாரலின் தினைப்புனத்தைக் காட்டுகிறது. செங்கம் வட்டார நடுகற்களுக்கு வேடியப்பன் என்றே பெயர். வந்தவர்களுக்கு மலையின் மண்ணையும் மழையையும் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த வேடர் வீட்டுப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். காஞ்சிச் சமவெளியின் ஏரிப்பாசன அறிவு இந்தச் சரிவில் பெரிதாக உதவியிருக்காது.

சரிவில் ஏர் நிற்காத இடத்தில் களைக்கொத்தால் கொத்தி விதைப்பது கொத்துக்காடு; சற்றுச் சமமான நிலம் உழவுக்காடு. முதன்மைப் பயிர் சாமை. ஆடியை ஒட்டி விதைத்தால் மழையை மட்டும் நம்பி விளையும். கார்த்திகை, மார்கழிக்குள் அறுப்பு முடியும். சாமைக்கு உமி கெட்டி. அதை உரலில் குத்தி அரிசியாக்குவது பெண்களின் தலையில் விழுந்த வேலை. ரேஷன் அரிசி வந்ததும் சாமைச் சோறு குறைந்ததற்கு அந்த உலக்கையும் ஒரு காரணம். ஊர்கள் நாடுகளாகச் சேர்ந்திருந்தன. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு என்று திருப்பத்தூர் பக்கத்தில் அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் வழக்குத் தீர்த்தார்கள்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டைக் காப்புக்காடு ஆக்கியது. மாறிமாறிப் புனம் வெட்டுவது குற்றமானது. குடும்பம் பெருகப் பெருக, கையில் இருந்த துண்டு நிலம் சிறுத்தது. 2006இன் வன உரிமைச் சட்டம் பட்டாவுக்கு வழி திறந்தாலும், நீதிமன்றத் தடையால் தமிழகத்தில் அது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடி இடைத்தரகர்கள் வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல்துறையினர் சுட்டுக்கொன்ற தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள்.

மற்றவர்கள் மீண்டும் மேற்கேதான் போகிறார்கள். அறுப்பு முடிந்ததும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் புறப்படுகிறார்கள். வீட்டில் கிழவன் கிழவியும் பிள்ளைகளும் மிஞ்சுகிறார்கள். சாமை விதைப்புக்குத் திரும்பி வருபவர்கள் உண்டு.