காணாத ஒளியும் உலோகத் துகளும்

மருத்துவமனைகளில் கிருமிகளை அழிப்பதற்கென ஒருவகைப் பாதரச விளக்கை ஏற்றுவதுண்டு. கிருமியைக் கொல்வது அதன் நீல ஒளியன்று. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரே. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. விளக்கு பழையதாகும்போது அக்கதிர் குன்றிவிடும். நீல ஒளியோ ஏறக்குறைய முன்போலவே தோன்றும். இங்கே கண்ணை நம்பினால் நோயாளிக்கே ஆபத்து. ஆதலின் காணாத ஒளியை அளக்க ஒரு கருவி வேண்டும். அக்கருவியின் வரலாறு வெள்ளியில் தொடங்குகிறது.

1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானி உயரக் கண்டார். அப்படியாயின் ஊதாவுக்கு அப்பாலும் ஏதேனும் இருத்தல் வேண்டும் என்று கருதினார் ஜெர்மனியின் யேனா நகரில் வாழ்ந்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். இயற்கையில் எதற்கும் எதிர்முனை உண்டென்பது அவர் கொள்கை. 1801இல் வெள்ளிக் குளோரைடு தோய்ந்த காகிதத்தை நிறமாலையில் வைத்தார். ஊதாவைக் கடந்த இருளிலேதான் அது விரைந்து கறுத்தது. அக்கருமை யாது? ஒளியினால் உப்பிலிருந்து பிரிந்த வெள்ளியின் நுண்துகள்களே! 1810இல் ரிட்டர் மறைந்தபோது அவருக்கு வயது 33.

ஆனால் ஒருமுறை கறுத்த காகிதம் மறுமுறை பயன்படாது. 1887இல் ஹெர்ட்ஸ், புற ஊதாக் கதிர் பட்டால் மின்பொறி எளிதில் பாய்வதைக் கண்டார். மறு ஆண்டில் ஹால்வாக்ஸ், அக்கதிர் பட்ட துத்தநாகத் தகடு தன் எதிர்மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார். ஒளியை மின்சாரத்தால் அறியும் வழி திறந்தது.

இதற்கிடையே, 1857இல் மைக்கேல் ஃபாரடே பொன்னின் நுண்துகள்கள் கலந்த நீர் மாணிக்கச் சிவப்பாக விளங்குவதை ஆராய்ந்தார். துகளின் அளவு ஒளியோடு கொள்ளும் உறவை 1908இல் குஸ்டாவ் மீ கணக்கிட்டு விளக்கினார்.

இவ்விரு நெறிகளும் இன்றைய உணர்கருவியில் ஒன்று கூடுகின்றன. துத்தநாக ஆக்ஸைடுப் படலத்தின்மேல் படிந்த ஆக்ஸிஜன், இருளில் எலெக்ட்ரான்களைப் பற்றி நிற்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் ஆக்ஸிஜன் விலகும், மின்னோட்டம் பெருகும். பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றின் நானோ துகள்களை அதன்மேல் தக்கவாறு பதித்தால், இருளில் வீணே ஓடும் மின்னோட்டம் குறைகிறது. ஒளிக்கும் இருளுக்குமுள்ள வேற்றுமை தெளிவாகிறது. அலுமினியத் துகள்கள் உதவுவது வேறு வகையில். அவற்றின் எலெக்ட்ரான்கள் புற ஊதாக் கதிரோடு இசைந்து அதிர்ந்து, அதன் ஆற்றலைத் தம் அருகே குவிக்கின்றன.

எனினும் துகள்கள் அளவுக்கு மிஞ்சினால் அவையே ஒளியை மறைக்கும் திரையாகிவிடும். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை அறிவதே இத்துறையில் உழைப்போரின் அரும்பணி. காணாத ஒளிக்கு முதற் சாட்சி கூறியவை வெள்ளித் துகள்கள். அச்சாட்சியம் பிழையாகாமல் காப்பதற்கும் இன்று உலோகத் துகள்களே துணை நிற்கின்றன.